வகுத்தல் கணக்கில் தோற்ற விமானம்

லண்டனில் காலை 10.30 மணிக்கு விமானம் ஏறிய ஒருவர், அதே நாள் காலை 9.25 மணிக்கு நியூயார்க் நகரில் போய் இறங்கினார் என்றால் நம்புவீர்களா? இதில் மாயம் எதுவும் இல்லை. இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் ஐந்து மணி நேர வேறுபாடு உண்டு. விமானமோ நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகவே எடுத்துக்கொண்டது. மேற்கு நோக்கிச் செல்லும் சூரியனையே முந்திய அந்த விமானத்தின் பெயர் கான்கார்ட். பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து கட்டியது. 1976-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் முதல் 2003-ஆம் ஆண்டு வரை பயணிகளை ஏற்றிச் சென்றது.

இராணுவ விமானிகள் தலைக்கவசமும் பிராணவாயுக் குழாயும் மாட்டிக்கொண்டு சில நிமிடங்களே பறக்கக்கூடிய வேகத்தில், கான்கார்ட் பயணிகள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிதானமாக விருந்து சாப்பிட்டார்கள். இவ்வளவு அருமையான விமானம் மொத்தம் எத்தனை செய்யப்பட்டது தெரியுமா? இருபதே இருபது. அவற்றில் பயணிகள் போக்குவரத்துக்கு வந்தவை 14. வாங்கிய கம்பெனிகள் இரண்டு. இரண்டும் கட்டிய நாடுகளின் சொந்தக் கம்பெனிகள். இன்று அது அருங்காட்சியகத்தில்தான் நிற்கிறது.

ஏன் இப்படி? எரிபொருள் அதிகம் குடித்தது, இரைச்சல் அதிகம், 2000-ஆம் ஆண்டு பாரிஸ் அருகே ஒன்று விழுந்து 113 பேர் இறந்தனர் என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாம் உண்மையே. ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் ஐந்தாம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய ஒரு வகுத்தல் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை நாம் போட்டுப் பார்க்கலாம். அதற்கு முன், வகுபட வேண்டிய தொகை ஏன் அவ்வளவு பெரிதாயிற்று என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேரும் மேளமும்

திருவிழாவில் தேர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். தேருக்கு முன்னே மேளச் சத்தம் வருகிறது. சத்தம் கேட்டதும் வீதியில் நிற்கும் கூட்டம் இரு பக்கமும் ஒதுங்கி வழி விடுகிறது. சாதாரண விமானத்தின் முன்னே நடப்பதும் இதுதான். விமானம் காற்றைத் தள்ளுவதால் உண்டாகும் அழுத்த அலைகள் ஒலியின் வேகத்தில் முன்னே ஓடிச் சென்று, ‘விமானம் வருகிறது’ என்று காற்றுக்கு அறிவிக்கின்றன. காற்றும் மெல்ல விலகிக்கொள்கிறது.

தேர், மேளச் சத்தத்தையும் மிஞ்சிய வேகத்தில் வந்தால் என்ன ஆகும்? கூட்டத்துக்கு முன்னறிவிப்பே கிடையாது. தேர் மோதும் கணத்தில்தான் எல்லோரும் ஒரேயடியாக நெருக்கிக்கொண்டு ஒதுங்க வேண்டும். காற்றில் ஏற்படும் இந்த நெரிசலைத்தான் அதிர்ச்சி அலை என்கிறோம். ஒலியை விஞ்சும் விமானம் ஒவ்வொரு நொடியும் இந்த அலையை உண்டாக்கிக்கொண்டே செல்கிறது. ஒலித் தடையைத் தாண்டும் அந்த ஒரு கணத்தில் மட்டும் ‘டமார்’ என்று கேட்கும் எனப் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. விமானம் அந்த வேகத்தில் பறக்கும் தூரம் முழுவதும், கீழே பல பத்து கி.மீ. அகலத்துக்கு இந்த வெடிச்சத்தம் தரையைத் தடவிக்கொண்டே வருகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் கணக்கில் வரும்.

அதிர்ச்சி அலையை உண்டாக்கவும் ஆற்றல் வேண்டும் அல்லவா? அந்தச் செலவு எஞ்சின் தலையில்தான் விழுகிறது. ஜம்போ ஜெட் போன்ற சாதாரண விமானத்தில் ஏறத்தாழ 17 டன் எடையைத் தாங்கிப் பறக்க 1 டன் உந்துவிசை போதும். கான்கார்ட் ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறக்கும்போது, அதே 1 டன் உந்துவிசைக்கு ஏழு டன்னுக்குச் சற்று மேல்தான் தாங்க முடிந்தது. இது வடிவமைத்தவர்களின் குறையன்று. இயற்கை விதிக்கும் வரி.

இந்த வரியின் விளைவைப் பாருங்கள். புறப்படும்போது கான்கார்டின் எடை 185 டன். அதில் 95 டன் எரிபொருள்! பயணிகளும் அவர்கள் பெட்டிகளும் சேர்ந்து பன்னிரண்டு, பதின்மூன்று டன்னுக்கு மேல் இல்லை. நூறு பேரை அட்லாண்டிக் கடலின் மறுகரைக்குக் கொண்டு சேர்க்க, ஆளுக்கு ஏறத்தாழ ஒரு டன் எரிபொருள் ஏற்ற வேண்டியிருந்தது. கட்டும்போது மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்கு கூடிவிட்டால் போதும், பதினைந்து பயணிகளுக்கு மேல் இறக்கிவிட வேண்டியதுதான். ஆகவே ஒவ்வொரு கிலோவையும் எண்ணி எண்ணிக் குறைத்தார்கள். சாதாரண விமானத்தில் தகடுகளை வளைத்து ஆணியடித்துச் சேர்க்கும் இடங்களில், இங்கே முழு உலோகக் கட்டியைக் குடைந்து, வேண்டாததையெல்லாம் சீவி எடுத்து உறுப்புகளைச் செய்தார்கள். விலை கொடுத்து வாங்கிய உலோகத்தில் பெரும்பகுதி சீவலாகத் தரையில் கிடந்தது.

வெப்பம் என்னும் எல்லைக்கோடு

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை உணர்ந்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் அது சூடாகும். ஒலியை விஞ்சும் விமானத்தின் மூக்கு, முன்னால் உள்ள காற்றை விலகவிடாமல் அழுத்துகிறது. கான்கார்ட் பறந்த 18 கி.மீ. உயரத்தில் வெளிக்காற்றின் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி செல்சியஸ். ஆனால் விமானத்தின் மூக்கோ 127 டிகிரி! தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. இந்தச் சூட்டில் விமானத்தின் உடல் 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீண்டது. தரையிறங்கியதும் மறுபடி சுருங்கியது.

சாதாரண விமானங்களைச் செய்யும் அலுமினியக் கலவைகள் இவ்வளவு சூட்டை ஆண்டுக்கணக்கில் தாங்கமாட்டா. எஞ்சின் உறுப்புகளுக்கென முன்பே உருவாக்கப்பட்டிருந்த ஒரு தனி அலுமினியக் கலவையை எடுத்து உடலுக்குப் பயன்படுத்தினார்கள். அதுவும் ஒலியைப்போல் இரு மடங்கு வேகம், அதாவது மாக் 2 வரைதான் தாக்குப்பிடிக்கும். மாக் என்பது ஆஸ்திரிய இயற்பியல் அறிஞர் எர்ன்ஸ்ட் மாக் அவர்களின் பெயரால் வழங்கும் அளவு. மாக் 1 என்றால் ஒலியின் வேகம்; அந்த உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 1,060 கி.மீ.

அமெரிக்காவின் போயிங் கம்பெனி, ‘மாக் 2.7 வேகத்தில் 250 பேருக்கு மேல் ஏற்றிச் செல்வோம்’ என்று இறங்கியது. அந்த வேகத்தில் அலுமினியம் உதவாது, டைட்டேனியம் வேண்டும். அது வெட்டவும் வளைக்கவும் பற்றவைக்கவும் கடினமான உலோகம். வேகத்துக்கேற்ப இறக்கையை மடக்கி நீட்டும் அமைப்பும் வைத்தார்கள். எடை ஏறிப்போகவே அதை 1968-ல் கைவிட்டார்கள். மரத்தால் முழு அளவு மாதிரி ஒன்று செய்து நிறுத்தினார்கள். 1971 மார்ச்சில் அமெரிக்கப் பாராளுமன்றம் பணம் தர மறுத்தது. நூறு கோடி டாலரை நெருங்கிய செலவுக்குப் பிறகு, பறக்கும் விமானம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சோவியத் நாட்டின் டியூ-144 விமானம் கான்கார்டுக்கும் முந்தி, 1968 டிசம்பர் 31-ல் பறந்து பெயர் வாங்கியது. 1973-ல் பாரிஸ் கண்காட்சியில் மக்கள் கண்ணெதிரே ஒன்று நொறுங்கி விழுந்தது. பிறகு மாஸ்கோவுக்கும் அல்மா ஆட்டாவுக்கும் இடையே 1977 நவம்பரிலிருந்து ஏழு மாதங்கள், மொத்தம் 55 முறை மட்டும் பயணிகளை ஏற்றிச் சென்றது. அதோடு சரி.

நெருப்புக்குள் சுழலும் கற்கண்டு

விமானத்தின் உடல் ஒரு பங்கு தொல்லை என்றால் எஞ்சின் மூன்று பங்கு. ஜெட் எஞ்சினின் தத்துவம் எளியது. முன்னால் காற்றை உறிஞ்சி, அழுத்தி, எரிபொருளோடு எரித்து, பின்னால் வேகமாகப் பீச்சுவது. பீச்சும் வாயு வெளியேறும் வழியில் ஒரு டர்பைனைச் சுழற்றும்; டர்பைன், முன்னால் உள்ள அழுத்தியைச் சுழற்றும். பள்ளிப் புத்தகத்தில் ஒரே படத்தில் முடிந்துவிடும் செய்தி. பின் ஏன் இதைச் செய்யக்கூடிய நாடுகளை விரல்விட்டு எண்ணிவிட முடிகிறது?

டர்பைனின் விளிம்பில் விசிறி இறக்கைபோல் நெருக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கும் சிறு உறுப்புகளைப் பிளேடுகள் என்பர். ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கும். இக்காலப் பெரிய எஞ்சின்களில் அதன்மேல் பாயும் வாயுவின் வெப்பநிலை 1,500 டிகிரியைத் தாண்டும். பிளேடு செய்யப்பட்ட நிக்கல் கலவையோ ஏறத்தாழ 1,300 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும்! உருக வேண்டிய இடத்தில் உருகாமல் நின்றால் மட்டும் போதாது. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும்போது, ஒவ்வொரு பிளேடும் பத்து டன்னுக்கு மேற்பட்ட விசையால் வெளிப்புறமாக இழுக்கப்படுகிறது. உள்ளங்கை அளவுள்ள ஓர் உலோகத் துண்டில் சரக்கேற்றிய லாரியைக் கட்டித் தொங்கவிட்டு, அந்தத் துண்டை உலைக்குள் வைத்தது போல.

எப்படித் தாங்குகிறது? பிளேடின் உள்ளே நுண்ணிய வழிகள் இருக்கின்றன. எஞ்சினின் முன்பகுதியிலிருந்து, எரியாத காற்றை இவ்வழிகளில் செலுத்துகிறார்கள். அந்தக் காற்றும் 600 டிகிரிக்கு மேல் சூடானதுதான். ஆயினும் வெளியே உள்ள நெருப்புக்கு அது குளிர்காற்று. பிளேடின் மேல்தோலில் உள்ள முடி அளவுத் துளைகள் வழியே அக்காற்று கசிந்து, பிளேடைப் போர்வைபோல் சுற்றிக்கொள்கிறது. அதற்கும் மேலே பீங்கான் போன்ற பூச்சு ஒன்று.

இத்தகைய உள்குடைவு உள்ள பொருளை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? சுவாமிமலைச் சிற்பிகள் பஞ்சலோக விக்கிரகம் வார்ப்பதுபோலத்தான்! அவர்கள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். எஞ்சின் தொழிற்சாலையிலும் மெழுகுதான். மண்ணுக்குப் பதில் பீங்கான் குழம்பு. உள்வழிகள் இருக்க வேண்டிய இடத்தில் பீங்கான் கரு ஒன்றை முன்பே வைத்துவிட்டு, வார்த்த பிறகு அதைக் காரத்தில் கரைத்து எடுத்துவிடுவார்கள்.

வேறுபாடு இனிமேல்தான். சாதாரண உலோகம் கோடிக்கணக்கான சிறு படிகங்கள் ஒட்டிய கட்டி. கடும் சூட்டில் இழுவிசை பட்டால், படிகங்கள் ஒட்டிய இடங்களில்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். சர்க்கரைக் கட்டியை விரலால் நசுக்கினால் உதிர்ந்துவிடும்; ஒற்றைக் கற்கண்டு உதிராது. ஆகவே பிளேடு முழுவதையும் ஒரே படிகமாக வளர்க்கிறார்கள். உருகிய உலோகம் நிறைந்த அச்சை உலையின் சூடான பகுதியிலிருந்து மிக மெதுவாகக் கீழே இறக்குவார்கள். அச்சின் அடியில் பன்றிவால் போன்ற சுருள் பாதை இருக்கும். பல படிகங்கள் அதில் நுழையப் போட்டியிடும். ஒன்றே ஒன்றுதான் மறுமுனைக்கு வந்து சேரும். அந்த ஒன்று வளர்ந்து பிளேடாகிறது. 1980-களில் பயணிகள் விமானங்களுக்கு வந்த நுட்பம் இது; கான்கார்டின் எஞ்சினில் இல்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். இந்தப் பிளேடில் உள்ள நிக்கலின் விலை என்ன? அற்பம். கடைக்காரர் தராசில் நிறுத்துத் தரக்கூடிய பொருள் அல்ல இங்கே விலைபோவது. உலை எந்த வேகத்தில் இறங்க வேண்டும், கலவையில் எது எத்தனை பங்கு, துளை எந்தக் கோணத்தில் என்ற அறிவுக்குத்தான் விலை. அந்த அறிவு பெரும்பாலும் உடைத்து உடைத்துப் பெறப்பட்டது.

கான்கார்டுக்கு மேலும் ஒரு சிக்கல். மாக் 2 வேகத்தில் வரும் காற்றை அப்படியே எஞ்சினுக்குள் விட்டால் அழுத்தி திணறிவிடும். எனவே எஞ்சினுக்கு முன்னால், மூன்றரை மீட்டர்கூட இல்லாத ஒரு வாய்க்கூட்டில், காற்றின் வேகத்தை ஒலியின் வேகத்தில் பாதியாகக் குறைக்க வேண்டியிருந்தது. வாய்க்கூட்டின் மேல்புறத்தில் அசையும் தகடுகளை வைத்து, அதிர்ச்சி அலைகளைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்தினார்கள். வேகமோ காற்றின் வெப்பமோ சிறிது மாறினாலும் தகடுகள் உடனே இடம் மாற வேண்டும். அந்தக் காலத்துக்கு அது பெரிய கணிப்பொறி வேலை.

சாதாரண விமானத்தில் எஞ்சின் உச்சச் சூட்டை அடைவது புறப்படும் சில நிமிடங்களில் மட்டுமே; பிறகு அது ஓரளவு ஓய்வாக ஓடும். ஒலியை விஞ்சும் விமானத்தில் உள்ளே நுழையும் காற்றே சூடாக இருப்பதால், பயணம் முழுவதும் எஞ்சின் அடுப்பில்தான். கான்கார்டின் ஒலிம்பஸ் எஞ்சினில், டர்பைனுக்கு மட்டும் உரிய நிக்கல் கலவையை அழுத்தியின் கடைசி அடுக்குகளுக்கும் போட வேண்டியதாயிற்று.

கோழி உடைத்த கம்பெனி

எஞ்சின் செய்வதைவிட, அது நம்பத்தக்கது என்று மெய்ப்பிப்பதற்கே அதிகம் செலவாகிறது. முழு வேகத்தில் சுழலும் எஞ்சினுக்குள் தண்ணீரைக் கொட்டுவார்கள், பனிக்கட்டியை வீசுவார்கள், இறந்த பறவைகளைப் பீரங்கி போன்ற குழாயால் சுடுவார்கள். முன்விசிறியின் பிளேடு ஒன்றை வேண்டுமென்றே சிறு வெடியால் பிய்த்து, அது உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறதா என்று பார்ப்பார்கள். பல கோடி பெறும் எஞ்சின் சில நொடிகளில் குப்பையாகிவிடும். அந்தச் சில நொடிகளுக்காகத்தான் அதைச் செய்ததே.

இந்தச் சோதனையில் ஒரு மாபெரும் கம்பெனியே விழுந்த கதை உண்டு. 1968-ல் பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி, அமெரிக்காவின் லாக்ஹீட் டிரைஸ்டார் விமானத்துக்கு ஆர்பி-211 என்னும் எஞ்சினை நிர்ணயித்த விலையில் செய்து தருவதாக ஒப்புக்கொண்டது. எடையைக் குறைக்க, முன்விசிறியைக் கரியிழைப் பொருளால் செய்தார்கள். 1970 மே மாதச் சோதனையில் ஒரு பறவை மோதியதும் அது சிதறிப்போயிற்று. மறுபடி டைட்டேனியத்துக்குத் திரும்பினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், வளர்ச்சிச் செலவு 17 கோடிப் பவுனாக, முதற்கணக்கைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. அதைவிடக் கொடுமை, ஓர் எஞ்சினைச் செய்ய ஆகும் செலவே அதை விற்கும் விலையைத் தாண்டிவிட்டது. விற்க விற்க நஷ்டம்! 1971 பிப்ரவரி 4-ஆம் நாள் ரோல்ஸ்-ராய்ஸ் திவாலாயிற்று. அரசு எடுத்துக்கொண்டு காப்பாற்றியது. ஓய்வு பெற்றிருந்த ஸ்டான்லி ஹூக்கர் என்ற பொறியாளரைத் திரும்ப அழைத்து எஞ்சினைச் சரிசெய்தார்கள்.

சுவையான செய்தி என்னவென்றால், கம்பெனியைக் கவிழ்த்த அதே எஞ்சின்தான் பின்னாளில் அதை வாழவைத்தது. ஜம்போ ஜெட் உட்படப் பல விமானங்களில் ஏறியது. இன்றைய டிரெண்ட் வகை எஞ்சின்கள் அதன் வழித்தோன்றல்களே. எஞ்சின் தொழிலில் முதல் விற்பனையில் லாபம் எதிர்பார்ப்பதில்லை. இருபது முப்பது ஆண்டுகள் உதிரி உறுப்பும் பராமரிப்பும் விற்றுத்தான் போட்ட பணத்தை எடுக்கிறார்கள். அதற்கு நிறைய எஞ்சின்கள், நிறைய ஆண்டுகள் பறந்தாக வேண்டும்.

கணக்குக்கு வருவோம்

1962 நவம்பர் 29-ல் கான்கார்ட் ஒப்பந்தம் கையெழுத்தானபோது போட்ட செலவுக் கணக்கு 15 முதல் 17 கோடிப் பவுன். முடிவில் ஆன செலவு 100 கோடிப் பவுனுக்கும் மேல். இடையில் ஏறிய விலைவாசியும் இதில் சேர்ந்திருக்கிறது. ஆனால் அதுவே முழுக் காரணமன்று. பயணிகளை ஏற்றுமுன் சோதனைப் பறத்தல் மட்டும் 5,000 மணி நேரத்துக்கு மேல். அதில் ஏறத்தாழ 2,000 மணி ஒலியை விஞ்சிய வேகத்தில். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில், முழு விமான உடல் ஒன்றைத் தரையிலேயே நிறுத்தி, மாறி மாறிச் சூடாக்கிக் குளிர்வித்து, எப்போது களைத்துப்போகும் என்று பார்த்தார்கள். அந்த உடல் ஒரு பயணியையும் ஏற்றவில்லை. ஆனால் விலை உண்டு.

நூறு கோடி என்றே வைத்துக்கொள்வோம். 200 விமானம் விற்றிருந்தால் ஒன்றின் தலையில் 50 லட்சம் பவுன் ஏறும். பறந்தவை 14 ஆனதால் ஒன்றுக்கு ஏழு கோடிக்கு மேல்! போயிங்கின் ஜம்போ ஜெட் 2023 வரை 1,574 செய்யப்பட்டது. அதே நூறு கோடியை அத்தனை விமானத்துக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஆறரை லட்சம்கூட வராது.

இது ஒரு பாதி. மறுபாதி தொழிலாளர் கையில் இருக்கிறது. 1936-ல் டி. பி. ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு விதியைக் கண்டு சொன்னார்: செய்யும் விமானங்களின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்பு நூற்றில் இருபது பங்கு குறைகிறது. முதல் விமானத்துக்கு 100 நாள் என்றால் இரண்டாவதற்கு 80, நான்காவதற்கு 64, பதினாறாவதற்கு 41. ஆயிரத்து இருபத்து நான்காவதற்கோ 11 நாள்தான்! கை பழகுவதன் பலன் அது. விற்பனைக்கென்று கட்டிய கான்கார்டுகள் 16. கை பழகும்போது பட்டறையே மூடிவிட்டது.

எண்ணிக்கை ஏன் குறைந்தது? ஆசைப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. 1967-ல் முதல் விமானம் வெளியே தள்ளிக் காட்டப்பட்டபோது, 16 கம்பெனிகள் 74 விமானங்களுக்கு முன்பதிவு செய்திருந்தன. நம் ஏர் இந்தியாவும் இரண்டுக்குப் பெயர் கொடுத்திருந்தது. 1973 ஜனவரி 31-ல் பான் ஆம், டி.டபிள்யூ.ஏ. ஆகிய அமெரிக்கக் கம்பெனிகள் பின்வாங்கின. மற்றவையும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. அந்த ஆண்டே அமெரிக்கா தன் நிலப்பரப்பின்மேல் ஒலியை விஞ்சிப் பறப்பதற்குத் தடை விதித்தது. அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வேறு. முன்பு சொன்ன வெடிச்சத்தம் கணக்கில் புகுவது இங்கேதான்: நிலத்தின்மேல் பறக்கக்கூடாது என்றால் மிஞ்சுவது கடல்வழிகள், தாண்டக்கூடிய கடலோ அட்லாண்டிக் மட்டும். பசிபிக் கடலைத் தாண்ட எரிபொருள் போதாது. லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்குச் சிறிது காலம் விட்டுப் பார்த்தார்கள். இந்தியா தன் வான்வெளியில் அந்த வேகத்துக்கு இடம் தரவில்லை. 1980-ல் அவ்வழி கைவிடப்பட்டது. வேகமே விற்பனைச் சரக்காக இருந்த விமானம், உலகின் பெரும்பகுதியில் வேகத்தைக் காட்ட முடியாமற் போயிற்று.

நடுவில் நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். 1964-ல் பிரிட்டனில் வந்த புதிய அரசு நிறுத்தத்தான் எண்ணியது. ஆனால் ஒப்பந்தத்தில் விலகுவதற்கு வழியே வைக்கப்படவில்லை. ‘இவ்வளவு செலவழித்தாயிற்றே’ என்பதற்காகவே மேலும் செலவழிக்கும் போக்குக்கு, விலங்குகளின் நடத்தையை ஆராயும் உயிரியலார்கூட ‘கான்கார்ட் பிழை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்! 1980-களில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கான்கார்டை ஓட்டி லாபம் பார்த்தது உண்மையே. ஆனால் கட்டிய செலவை அரசு மக்கள் வரிப்பணத்தில் எழுதித் தள்ளிவிட்ட பிறகு கிடைத்த லாபம் அது.

காவேரி சொல்லும் செய்தி

எஞ்சின் கணக்கு நம் நாட்டுக்கும் புதிதல்ல. பெங்களூரில் உள்ள எரிவாயு டர்பைன் ஆராய்ச்சி நிலையம், தேஜஸ் போர் விமானத்துக்காகக் காவேரி என்ற ஜெட் எஞ்சினை உருவாக்க 1989-ல் அனுமதி பெற்றது. ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 383 கோடி ரூபாய். பின்னர் செலவு 2,000 கோடியைத் தாண்டியது. வேண்டிய உந்துவிசையும் எடையும் கைகூடாததால் 2008-ல் தேஜஸ் திட்டத்திலிருந்து காவேரி பிரிக்கப்பட்டது; தேஜஸ் அமெரிக்க எஞ்சினோடு பறக்கிறது.

இதைத் தோல்வி என்று ஏசுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. உயரத்தில் எஞ்சின் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க, ரஷ்யாவுக்கு அதைக் கொண்டுபோய், 2010-ல் ஒரு பெரிய சரக்கு விமானத்தின் இறக்கையில் மாட்டிப் பறக்கவிட வேண்டியிருந்தது. நம்மிடம் அந்த வசதி இல்லை. ஆகாயத்தின் குளிரையும் அழுத்தக் குறைவையும் தரையில் உண்டாக்கும் கூடங்களைப் பிற நாடுகள் அரை நூற்றாண்டுக்கும் முன்பே கட்டி, பல தலைமுறை எஞ்சின்களுக்குச் செலவைப் பங்கிட்டுவிட்டன. நம்மிடம் பங்கிட ஒரே எஞ்சின். தவிர, 2,000 கோடி ரூபாய் என்பது இத்துறையில் சிறு தொகையே. அமெரிக்காவின் பிராட் அண்டு விட்னி கம்பெனி, பல்சக்கர விசிறி எஞ்சினை உருவாக்க இருபது ஆண்டுகளில் செலவிட்டதாகச் சொல்லப்படுவது 1,000 கோடி டாலர். அதற்குப் பிறகும், வட்டுகள் செய்யப் பயன்பட்ட உலோகப் பொடியில் மாசு கலந்திருந்தது 2023-ல் தெரியவர, உலகெங்கும் நூற்றுக்கணக்கான விமானங்களைத் தரையில் நிறுத்தி எஞ்சின்களைக் கழற்றிப் பார்க்க நேர்ந்தது.

மீண்டும் ஒருவர் வருகிறார்

கான்கார்ட் ஓய்ந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகியும் ஆசை விடவில்லை. ஏரியான் என்ற அமெரிக்கக் கம்பெனி, பணம் திரட்ட முடியாமல் 2021-ல் மூடியது. பூம் என்ற மற்றொரு அமெரிக்கக் கம்பெனி, 60 முதல் 80 பேர் ஏறக்கூடிய, மாக் 1.7 வேக விமானத்தைக் கட்ட முனைந்திருக்கிறது. அதன் சிறு சோதனை விமானம் 2025 ஜனவரி 28-ல் ஒலியை விஞ்சிப் பறந்தது. அதில் இருந்தவை 1950-களில் வடிவமைத்த மூன்று பழைய இராணுவ எஞ்சின்கள் என்பது கவனிக்கத்தக்கது. உடலைப் புதிதாகக் கட்டலாம். எஞ்சின் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. 1973-ல் விதித்த தடையை நீக்குமாறு அமெரிக்க அதிபர் 2025 ஜூனில் உத்தரவிட்டார். வெடிச்சத்தத்தை மெல்லிய தட்டல் ஓசையாகக் குறைக்கும் வடிவத்தை ஆராய, நாசாவின் எக்ஸ்-59 விமானமும் அதே ஆண்டு அக்டோபரில் முதன்முறையாகப் பறந்தது. ஆகவே வகுக்கும் எண் பெரிதாக வழி பிறந்திருக்கிறது எனலாம்.

வகுபடும் தொகைதான் இன்னும் பயமுறுத்துகிறது. பூம் கம்பெனிக்கு எஞ்சின் செய்ய ஆராய்ந்து வந்த ரோல்ஸ்-ராய்ஸ், ‘இது எங்களுக்கு இப்போதைக்கு முதன்மையான துறை அன்று’ என்று 2022 செப்டம்பரில் விலகிக்கொண்டது. திவாலின் சூடு பட்ட கம்பெனி அல்லவா! வேறு வழியின்றிப் பூம், சிம்ஃபனி என்ற எஞ்சினைத் தானே உருவாக்கப்போவதாக அதே ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. எஞ்சின் செய்து பழக்கமில்லாத கம்பெனி, நூறு பயணிகூட ஏறாத ஒரு விமானத்துக்காக மட்டும் ஒரு புது எஞ்சினை உருவாக்கினால் செலவை எதன்மீது பங்கிடுவது?

அதற்கு அவர்கள் கண்ட வழி விசித்திரமானது. அந்த எஞ்சினின் உள்பகுதியை அடிப்படையாகக் கொண்டு, தரையில் நின்று மின்சாரம் தயாரிக்கும் டர்பைன்களைச் செய்து, மின்சாரப் பசி மிகுந்த கணிப்பொறிக் கூடங்களுக்கு விற்கப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்திருக்கிறார்கள். அங்கே வரும் பணத்தில் விமானத்தை முடிப்பார்களாம். இது முற்றிலும் புதிய யோசனையன்று. கான்கார்டில் இருந்த ஒலிம்பஸ் எஞ்சினின் தரைவகை 1960-களிலேயே பிரிட்டனில் மின்சாரம் தயாரித்தது. கடல்வகை போர்க்கப்பல்களை ஓட்டியது. ஆர்பி-211 எஞ்சினும் குழாய்களில் எரிவாயுவைத் தள்ளும் வேலைக்குப் போயிற்று. ஆனால் அவை ஆகாயத்தில் பேர் வாங்கிய பிறகு தரைக்கு வந்தவை. பூம் கம்பெனியின் எஞ்சினோ முதலில் தரையில் நின்று சம்பாதித்துவிட்டு, பிறகு பறக்க வேண்டும்.